சிப் உள்ளதா, இல்லாததா?

“டேப் சிப் உள்ளதா போடட்டுங்களா, இல்லாததா?”

கல்யாண வீட்டுக்காரர்களிடம் வீடியோக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கும் அழகைப் பார்க்க வேண்டும். கேட்டதும் பதிலை எதிர்பார்க்க மாட்டார். நாற்காலியில் சாய்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டு, எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு வாய் திறக்காமல் இருக்கும் பெரிய டாக்டர் மாதிரி உட்கார்ந்திருப்பார். எதிரே இருக்கும் பெண்ணின் தகப்பனார்தான் தயங்கித் தயங்கிக் கேட்பார்.

“சிப்னா என்னங்க?”

“ஞாபகம்.”

அப்புறம்தான் இழுப்பறை திறக்கும். இரண்டு டேப்புகள் மேஜைக்கு வரும். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியவை, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இரண்டும் கருப்பு. ஒன்றின் பின் விளிம்பில் மட்டும் நாலு தங்கப் புள்ளிகள் மின்னும்.

“இதுக்கு ஞாபகம் இருக்கு சார். எந்த இடத்துல எதை எடுத்தோம், என்னைக்கு எடுத்தோம், தலைப்பு என்ன, எல்லாத்தையும் இதுவே மனசுல வெச்சுக்கும். கேமராவுக்குள்ள போட்ட உடனே பட்டியல் காட்டும். இது இருக்கு பாருங்க…” மற்ற டேப்பைச் சுண்டுவிரல் நகத்தால் தள்ளுவார், ஏதோ செத்த பூச்சியைத் தள்ளுவதுபோல. “இது மொட்டை.”

“படம் இதுல நல்லா விழுமோ?”

“படத்தை விடுங்க சார். பொண்ணு கல்யாணத்தை மொட்டை டேப்புல எடுத்தாங்கன்னு நாளைக்கு சம்பந்தி வீட்டுல யாராவது ஒரு வார்த்தை கேட்டா, உங்க மனசு தாங்குமா?”

எந்தத் தகப்பனின் மனசு தாங்கும்? ‘மொட்டையே போதும்’ என்று சொல்லும் துணிச்சல் சம்பந்திக்குப் பயந்த எவனுக்கு வரும்? சிப் உள்ளதே போடச் சொல்லிவிட்டு எழுந்து போவார்கள். கூடுதல் விலையும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

படம் இரண்டிலும் ஒரே மாதிரிதான் விழும். அந்த நாலு புள்ளிகளுக்கும் படத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. அதைவிடக் கூத்து, அந்தக் கல்யாண வீட்டுக்காரர்கள் அந்த டேப்பைக் கண்ணால்கூடப் பார்க்கப் போவதில்லை. அவர்கள் கைக்கு வருவது தட்டையான ஒரு டிஸ்க். டேப்பும் அதன் அருமை பெருமையான ஞாபகமும் வீடியோக்காரரின் அலமாரியிலேயே தங்கிவிடும். கொஞ்ச நாள் கழித்து அதே டேப்பின் ஞாபகத்தைத் துடைத்துவிட்டு அதன்மேலேயே இன்னொரு கல்யாணத்தை எடுப்பார். அந்த வீட்டுத் தகப்பனிடமும் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்.

தன்னை எல்லாரும் ‘டைரக்டர்’ என்று கூப்பிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. தெரு அவரைச் ‘சிப்பு’ என்றது. டீக்கடையில் “சிப்பு வராரு, டீயில சக்கரை போட்டியா, ஞாபகம் இருக்கா?” என்பார்கள். அதையும் அவர் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார். அவமானம் ஏறாத உடம்பு அது.

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே வேறொருவர் கேமராவுக்கு விளக்குப் பிடித்துத்தான். பத்து வருஷம் மாப்பிள்ளைகளின் கண்களைக் கூச வைத்த பிறகு சொந்தக் கேமரா வாங்கினார். விற்ற கடைக்காரன் சாமர்த்தியசாலி. சிப் படிக்கிற கேமரா இது என்று ஒரு மணி நேரம் ஓதினான். அன்றைக்குக் காதில் விழுந்ததுதான் அவர் கற்ற கல்வி முழுவதும். அதற்கு முன்பும் எதுவும் கற்றதில்லை, பின்பும் கற்கவில்லை.

வீட்டின் கீழ்ப்பகுதியில் கடை. ஒரு கண்ணாடிக் கதவு, அருவி வரைந்த ஒரு திரைச்சீலை, ஸ்பிரிங் எழும்பிய ஒரு சோபா, டேப் அலமாரி. அலமாரிக்கும் மனைவிக்கும் இடையில்தான் அந்த வீட்டின் நெடுநாள் சண்டை. அந்த அம்மாள் ஒருமுறை டேப்புகளுக்கெல்லாம் பொறுமையாக லேபிள் ஒட்டி வைத்தாள். ஊரில் எல்லா வீடியோக்காரர்களும் செய்வதுதான். சிப்பு அதைப் பார்த்துவிட்டு, கடையில் ஆள் இருக்கும்போதே ஒவ்வொரு லேபிளாகக் கிழித்துத் தரையில் போட்டார்.

“ஞாபகம் இருக்கிற டேப்புக்கு எதுக்குடி பேரு? மொட்டை டேப்பு வெச்சிருக்கிற பிச்சைக்காரன்தான் லேபிள் ஒட்டுவான். போட்டா தானே சொல்லுமே!”

அவள் தரையில் கிடந்த காகிதங்களைப் பெருக்கி அள்ளினாள். அதோடு அந்த அலமாரியில் எதையும் எழுதி ஒட்டுவதில்லை என்று ஆகிவிட்டது. டேப்புகள் பெயரில்லாமல் அடுக்கடுக்காக நின்றன. எது என்னவென்று பார்க்க வேண்டுமானால் ஒவ்வொன்றாகக் கேமராவில் போட்டுத் திரையில் பட்டியல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டியல் வந்தால் பதிவு உள்ளது. வராவிட்டால் காலி. இதுதான் சட்டம்.

இவருக்கு வாய்த்த தகப்பன் வேறு ரகம். காய்கறிச் சந்தையில் நாற்பது வருஷம் ஏலம் போட்டவர். மைக் என்ற பொருளை அவர் தொட்டதில்லை. சந்தையின் இந்தக் கோடியில் நின்று “ஒரு தரம்!” என்றால் அந்தக் கோடியில் மூட்டை தூக்குகிறவன் நின்று திரும்பிப் பார்ப்பான். வீட்டில் மெதுவாகப் பேசினாலே பக்கத்து வீட்டுக் குழந்தை முழித்துக்கொள்ளும். அப்படிப்பட்ட குரல் ஒரு மழைக்காலத்தில் கம்மியது, கம்மியதாகவே இருந்தது. டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டைக்குள் வளர்ந்திருப்பதை எடுக்க வேண்டும், கூடவே குரல்பெட்டியையும் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்றார்கள்.

“நாப்பது வருஷம் கத்தியாச்சு. எடுத்துக்கோங்க,” என்றார் பெரியவர்.

கடல் தாண்டி இருந்த மகள்தான் தாங்கவில்லை. நிறைமாதம், விமானத்தில் ஏறக் கூடாது. போனில் விம்மி விம்மி அழுதாள்.

“அண்ணா, நான் வர்றதுக்குள்ள ஆபரேஷன் ஆயிடும். அப்பா என்னைக் கூப்பிடறதை இனிமே கேக்கவே முடியாது. பொறக்கப் போற குழந்தை தாத்தா குரலையே கேக்காது. நீ வீடியோக்காரன்தானே? அப்பாவை உக்கார வெச்சுப் பேச வெச்சு எடுத்து வை. எனக்கு வேற எதுவும் வேண்டாம். அது மட்டும் போதும்.”

“இதெல்லாம் நீ எனக்குச் சொல்லணுமா? மூணு லைட்டு போட்டு, பின்னாடி அருவி போட்டு, ராஜா மாதிரி எடுத்துடறேன் பாரு.”

மறுநாள் டேப் வாங்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார்.

“என்னங்க, டேப் கிடைக்கலையா?” என்றாள் மனைவி.

“கடையில மொட்டைதான் இருக்கு. சிப் உள்ளது வர ஒரு வாரம் ஆகுமாம்.”

“சரி, அந்த மொட்டையில ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாமே?”

சிப்பு அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம் வழிந்தது. “எங்கப்பா குரலை மொட்டை டேப்புல எடுக்கறதா? ஊரு என்னைப் பத்தி என்ன நினைக்கும்?”

“ஊரு டேப்பையா பார்க்கப் போகுது? மாமாவைத்தானே பார்க்கும்?”

கட்டிலில் படுத்திருந்த பெரியவர் கம்மிய குரலில் சொன்னார். “டேய், எனக்குத் தொண்டைதான்டா போகுது, ஞாபகம் போகல. சிப் இல்லாட்டி பரவால்ல, எடு.”

“உங்களுக்கு இதெல்லாம் தெரியாதுப்பா. பேசாம படுங்க.”

பேச்சே போகப் போகிறவரைப் பேசாமல் படுக்கச் சொன்ன உத்தமப் பிள்ளை! ஒரு வாரம் காத்திருந்தார். அந்த ஒரு வாரத்தில் பெரியவரின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்தது. அலமாரியில் பழைய டேப்புகள் எத்தனையோ இருந்தன. அவற்றில் ஒன்றைத் துடைத்து எடுக்கலாமே என்று மனைவி கேட்டதற்கு, “பழசுலயா? எங்கப்பாவையா?” என்று கோபித்துக்கொண்டார். கல்யாணப் பெண்களின் தகப்பன்மாருக்குப் பழையது, தன் தகப்பனுக்குப் புதியது. அவருக்கும் பாசம் உண்டு என்பதற்கு இது ஒன்றுதான் சாட்சி. அதையாவது அவர் கணக்கில் வைப்போம்.

கடைசியில் சிப் டேப் பெட்டி வந்து சேர்ந்தது. வந்த அன்றே வெளியூரில் ஒரு கல்யாணம். ஆபரேஷனுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது, காலையில் வந்ததும் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வேனில் ஏறிப் போய்விட்டார்.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நாளைக்கே ஆபரேஷன் மேஜை காலியாக இருக்கிறது, சாயங்காலமே வந்து சேர்ந்துவிடுங்கள் என்றார்கள்.

வெளியூர் போன புருஷன் அதற்குள் திரும்ப முடியாது. மருமகள் தன் தம்பிக்கு போன் செய்தாள். அந்தத் தம்பி பஸ் டிப்போவில் மெக்கானிக். குழந்தைகளைப் படம் பிடிக்க ஒரு சின்னக் கேமரா வைத்திருந்தான். சிப்பு அதைப் ‘பொம்மை’ என்றுதான் சொல்வார். சிப்பும் படிக்காது, ஒன்றும் படிக்காது. சிப் உள்ள டேப்பைப் போட்டாலும் அந்தப் புள்ளிகளை அது ஏறெடுத்தும் பார்க்காது. ஆனால் படம் எடுக்கும், குரல் எடுக்கும். வேறென்ன வேண்டும்?

எண்ணெய்க் கையோடு ஓடி வந்தான். சட்டைப் பையில் ஒரு டேப்பும் கொண்டுவந்திருந்தான். மொட்டை.

“அக்கா, இதைப் போடட்டா?”

அவள் கை நீட்டி வாங்கியும் விட்டாள். அந்த நொடியில் அந்த டேப்பையே போட்டிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. மொட்டை டேப்பை சிப்பு தன் கையால் தொடவே மாட்டார். அது எத்தனை வருஷம் கிடந்தாலும் பத்திரமாகக் கிடந்திருக்கும். ஆனால் புருஷன் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாள் அந்தப் பேதை.

“வேண்டாம்டா. அவர் சிப் டேப்புலதான் எடுக்கணும்னு ஒத்தக் கால்ல நின்னாரு. ஊர்ல இல்லாத நேரத்துல எடுக்கறோம், அந்த ஒரு ஆசையாவது நடக்கட்டும்.”

புதுப் பெட்டியிலிருந்து ஒரு டேப்பை எடுத்து அவளே தம்பியிடம் கொடுத்தாள்.

ஜன்னலோரம் ஒரு நாற்காலியைப் போட்டு மாமனாரை உட்கார வைத்தார்கள். லைட்டும் இல்லை, அருவியும் இல்லை. பெரியவர் முதலில் மகளிடம் பேசினார். அவளைச் சின்ன வயசுச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பிறக்கப்போகும் பிள்ளையிடம் பேசினார். மருமகளுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பாதிப் பேச்சு அவள் காதில் ஏறவில்லை. தம்பிக்கோ கேமரா ஆடாமல் பிடிப்பதிலேயே கவனம். பிறகு பார்த்துக்கொள்ளலாம், அதுதான் பதிவாகிறதே என்று நினைத்திருப்பாள். டேப் முடியும்வரை அவர் பேசினார்.

டேப் முடிந்ததும் அதை ஆரம்பத்துக்குச் சுற்றிவிட்டு, அதன் ஓரத்திலிருந்த சின்னப் பூட்டை நகத்தால் தள்ளி மூடினாள். அது மூடியிருந்தால் எந்தக் கேமராவும் அதன்மேல் எழுதாது. லேபிள் ஒட்ட முடியாதே! அதனால் மூலையில் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு சொட்டு வைத்தாள். அலமாரியின் மேல்தட்டில் தனியாக வைத்தாள்.

மறுநாள் காலையில் செய்தி கிடைத்ததும் சிப்பு நேரே ஆஸ்பத்திரிக்கு வந்தார். வேனில் மூன்று லைட்டும் சுருட்டிய அருவியும் இருந்தன. பெரியவரை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. தாழ்வாரத்தில் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

“கவலைப்படாதீங்க. மாமா பேசினதை நேத்தே எடுத்துட்டோம்,” என்றாள் மனைவி.

“எதுல?”

“தம்பி கேமராவுலதான்.”

“அந்தப் பொம்மையிலயா? லைட்டு இல்லாம? மைக் இல்லாம? ஏன்டி, என் அப்பாவை எடுக்க உனக்கு அந்த கிரீஸ் டப்பாதான் கிடைச்சானா?”

“டேப் உங்க சிப் டேப்புதாங்க. மேல்தட்டுல தனியா…”

அவர் கேட்டால்தானே? எழுந்து வேனுக்குப் போய்விட்டார். அவர் காதில் விழுந்தது ‘தம்பி கேமரா’ மட்டும். பொம்மையில் எடுத்ததெல்லாம் பொம்மை டேப்பில்தான் இருக்கும், அது மச்சினன் வீட்டில் எங்கேயாவது கிடக்கும் என்று அந்த மகா மூளை முடிவு கட்டிவிட்டது.

பெரியவர் பிழைத்தார். கழுத்தில் ஒரு துளை, துளைக்குமேல் துணி. வாயைத் திறந்தால் காற்றுகூட வராது. எழுதிக் காட்டவும் தெரியாது, ஏதாவது வேண்டுமென்றால் கட்டில் சட்டத்தை விரல் முட்டியால் தட்டுவார். தட்டுகிற தட்டில் இன்னும் ஏலக்காரரின் அதிகாரம் இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு குளியலறைப் பீங்கான் கடையின் திறப்பு விழா. காலையில் அவசரம் அவசரமாகக் கிளம்பும்போது டேப் ஒன்று குறைந்தது. சிப்புவின் கை மேல்தட்டுக்குப் போனது. ஒரு டேப் தனியாக இருந்தது. கேமராவில் போட்டார். பட்டியல் காலி. ஒரு வரிகூட இல்லை.

“புதுசு!” என்றார் சந்தோஷமாக.

பூட்டு மூடியிருக்கிறது என்று கேமரா அடம் பிடித்தது. யந்திரத்துக்கு இருந்த இங்கிதம் மனிதனுக்கு இல்லை. வெளியே எடுத்து நகத்தால் பூட்டைத் திறந்தார். மூலையில் ஏதோ சிவப்பாக ஒட்டியிருந்தது. கேமராவுக்குள் உதிர்ந்துவிடும் என்று அதையும் சுரண்டி எடுத்தார். நல்ல பொறுப்புள்ள ஆள்! டேப்பை ஒரு நிமிஷம் ஓட்டிப் பார்த்திருக்கலாம். ஒரு விரலால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், தகப்பனின் முகம் திரைக்கு வந்திருக்கும். ஆனால் சிப்தான் சொல்லிவிட்டதே! சிப் சொன்னதற்குமேல் ஓட்டிப் பார்க்கிறவன் மொட்டைக்காரன் அல்லவா?

அன்றைக்கு அந்த டேப்பில் ரிப்பன் வெட்டினார்கள். கடை முதலாளி பேசினார், முதலாளியின் மைத்துனர் பேசினார். வரிசை வரிசையாகக் கழிவறைப் பீங்கான்கள் ஜொலித்தன. சிப்பு ஒவ்வொன்றின் பக்கத்திலும் போய், சுற்றிச் சுற்றி, ஆசை ஆசையாக எடுத்தார். பெற்ற மகளைக் கூப்பிட்ட தகப்பனின் குரல்மேல் ஒவ்வொரு பீங்கானாக ஏறி உட்கார்ந்தது. யாருக்கும் தெரியவில்லை. முதலாளி மட்டும் திருப்தியாகக் கை குலுக்கினார்.

கைக்குழந்தையோடு மகள் வந்து இறங்கிய அன்று வீடே கூடத்தில் கூடியது. அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் வாயசைத்தார். சத்தம் வரவில்லை. அவள் இன்னும் அழுதாள். மருமகளின் தம்பியும் வேலை முடிந்து வந்திருந்தான்.

“அண்ணி, அந்த டேப்பைப் போடுங்க. அதுக்காகத்தான் இத்தனை நாளா உயிரை வெச்சிட்டிருந்தேன்,” என்றாள் மகள்.

மருமகள் கீழே போய்த் தேடினாள். மேல்தட்டு காலியாக இருந்தது. திரும்பி மேலே வந்தபோது அவள் குரல் மாறியிருந்தது.

“என்னங்க, மேல்தட்டுல ஒரு டேப் இருந்துச்சே, அது எங்க?”

“மேல்தட்டுலயா? அது புதுசு. நான்தான் பீங்கான் கடைக்கு எடுத்துட்டுப் போனேன்.”

“மூலையில சிவப்பா ஒரு சொட்டு இருந்துச்சே?”

“ஆமா, ஏதோ அழுக்கு. சுரண்டிட்டேன்.”

அக்காவுக்கு முன்பே மெக்கானிக் தம்பிக்குப் புரிந்துவிட்டது. அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“அத்தான்… அதுலதான் அத்தான் மாமா பேசினது.”

“யார்கிட்ட கதை விடற? நான் போட்டுப் பார்த்துட்டுத்தான் எடுத்தேன். பட்டியல்ல ஒண்ணுமே இல்ல.”

“என் கேமராவுக்குத்தான் சிப் எழுதத் தெரியாதே! நீங்கதானே ஊர் பூரா சொல்லுவீங்க?”

“பூட்டு? பூட்டு மூடியிருந்துச்சே, அதுகூடவா உங்களுக்கு உறைக்கல?” என்றாள் மனைவி.

“பட்டியல்ல இல்லையேடி!”

“பட்டியல்ல இல்லன்னா?” அந்த அம்மாள் கல்யாணமான நாளிலிருந்து அப்படிக் கத்தியதில்லை. “பட்டியல்ல இல்லன்னா எங்க மாமாவே இல்லன்னு ஆயிடுமா?”

குழந்தை வீறிட்டது. சிப்புவோ, தான் சொல்வதே சரி என்று நிரூபிக்க ஓடிப்போய்க் கேமராவையும் அந்த டேப்பையும் கொண்டுவந்து டிவியில் சொருகினார். பட்டியல் வந்தது. அதில் ஒரே ஒரு வரி, பீங்கான் கடையின் பெயர். ஓட்டினார். ரிப்பன், முதலாளி, மைத்துனர். தங்கை கண் கொட்டாமல் பார்த்தாள். தகப்பன் குரலுக்காகக் கடல் தாண்டி வந்தவள் முன்னால் வெள்ளை வெளேரென்று ஒரு கழிவறைப் பீங்கான் திரை நிறைய வந்து நின்றது.

“அண்ணா… இதையா?” என்றாள்.

சிப்புவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் வற்றியது. ஆனாலும் வாய் ஓயவில்லை. “பேர் எழுதி ஒட்டியிருந்தா நான் ஏன்…”

மனைவி அவரைப் பார்த்தாள். மிச்சத்தை அவர் விழுங்கிக்கொண்டார்.

மச்சினன் எழுந்து கேமராவின் பக்கத்தில் போனான். “நாங்க டேப் முடியற வரைக்கும் எடுத்தோம். கடை எதுவரைக்கும் ஓடுது அத்தான்?”

“முக்கால்வாசி. அதுக்கப்புறம் ஒண்ணும் கிடையாதுப்பா. சிப்ல பாரு, வேற எந்தப் பதிவும் இல்ல.”

“உங்க சிப்பைத் தூக்கிக் குப்பையில போடுங்க,” என்றான் மச்சினன். வேகமாக ஓட்டும் பொத்தானை அழுத்தினான்.

பீங்கான்கள் பறந்தன. மைத்துனர் கையைக் காலை உதறினார். திரை ஒரு கணம் கட்டம் கட்டமாகச் சிதறியது. பிறகு ஜன்னல் வெளிச்சம். நாற்காலி. பெரியவர்.

கம்மியிருந்தது. தேய்ந்திருந்தது. ஆனால் அவருடைய குரல்தான்.

“…அப்புறம் இந்த வீட்டுல ஏலம் போட என்ன இருக்கு? கட்டில் ஆடுது. பீரோ துரு. ஆங், ஒரு மகன் இருக்கான்! வாங்க வாங்க! நல்ல வளர்த்தி, நல்ல நிறம், நாலு தங்கப் புள்ளி வெச்சது! வேலைக்கு மட்டும் ஆகாது! யாரு கேக்கறீங்க?”

கேமராவுக்குப் பின்னாலிருந்து மருமகள் அழுகையினூடே சிரிக்கும் சத்தம் கேட்டது.

“சொல்லுங்க, யாரு கேக்கறீங்க? ஒரு தரம்! ரெண்டு தரம்!” கிழவர் சுற்றுமுற்றும் பார்த்தார். கையைத் தூக்கியவர் அப்படியே தாழ்த்தினார். “ஒருத்தருக்கும் வேண்டாமா? சரி விடுங்க. நானே வெச்சுக்கறேன்.”

திரை நீலமானது. டேப் முடிந்துவிட்டது.

மகள் தரையில் தவழ்ந்துபோய் டிவியைத் தொட்டாள். “முன்னாடி என்ன சொன்னார் அண்ணி? என்னைக் கூப்பிட்டாரா?”

“கூப்பிட்டார்மா. உன் செல்லப் பேரு சொல்லிக் கூப்பிட்டார்.”

“அப்புறம்?”

“அப்புறம்…” மருமகள் திணறினாள். “நான் அழுதுட்டிருந்தேன்மா. எனக்கு முழுசா… குழந்தைகிட்ட ஏதோ சொன்னார். டேப்புலதான் இருக்கேன்னு…”

மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். சொன்னவர் அங்கேயேதான் இருந்தார், ஒரு எட்டு தூரத்தில். என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரியும். அவர் உதடுகள் அசைந்தன. துளைமேலிருந்த துணி மட்டும் ஏறி இறங்கியது. அந்தச் சொற்கள் இனி எந்தக் காதுக்கும் வராது.

சிப்பு டேப்பை வெளியே எடுத்தார். “இது என்கிட்டயே இருக்கட்டும். நான் பத்திரமா…”

டக்!

எல்லாரும் திரும்பினார்கள். பெரியவர் நாற்காலிக் கையை விரல் முட்டியால் தட்டியிருந்தார். டக்! இரண்டாவது தரம். மகனை ஒரு பார்வை பார்த்தார். டக்! மூன்றாவது. விரலை நேராக மகளை நோக்கி நீட்டினார். ஏலம் முடிந்தது. நாற்பது வருஷம் அந்தத் தீர்ப்பை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

மச்சினன் சிப்புவின் கையிலிருந்து டேப்பை வாங்கி, பூட்டைத் தள்ளி மூடி, மகளிடம் கொடுத்தான். அவள் அதைக் குழந்தையின் துணிகளுக்கு நடுவே சுற்றிப் பைக்குள் வைத்தாள். அண்ணனை ஏறிட்டும் பார்க்கவில்லை.

இந்த இடத்திலாவது அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். தொண்டையைச் செருமினார்.

“அங்க போய்க் கண்ட கேமராவுல போட்டுடாதம்மா. சிப் படிக்கிற கேமராவா பார்த்து…”

மனைவி இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டாள். மச்சினன் பல்லைக் கடித்தான்.

பெரியவர் மகனை உற்றுப் பார்த்தார். தலை குனிந்து, கண்ணில் நீர் கோத்து, கையில் காலிக் கேமராவோடு நின்றுகொண்டிருந்த அந்த வளர்ந்த உருப்படியை மேலும் கீழுமாக ஒருமுறை பார்த்தார், சந்தையில் யாரும் கேட்காத மூட்டையைப் பார்ப்பதுபோல.

டக். ஒரு தரம்.

டக். ரெண்டு தரம்.

சிப்பு நிமிர்ந்தார். அப்பாவின் கை உயர்ந்தே நின்றது. மூன்றாவது தட்டு விழவில்லை.